பதினோராவது கேள்வி

அந்தப் பம்பு அமுதவல்லியைக் கண்டால் மட்டும் ஒழுங்காக ஓடியது.

அவள் தலை மறைந்ததும் நின்றுவிடும். பதினைந்து நாளில் நான்கு முறை இப்படி. முல்லா வீதியிலிருந்து போன் வரும், "பம்பு மறுபடி நின்னுபோச்சும்மா" என்று. நாளைக் காலை பத்து மணிக்கு வருகிறேன் என்று இவள் சொல்வாள். சொன்னபடி போய் நின்றால், பம்பு அப்போதுதான் பெட்டியிலிருந்து எடுத்து வைத்தது போலப் பளபளவென்று உட்கார்ந்திருக்கும். சுவிட்சைத் தட்டினால் சமர்த்தாகச் சுற்றும். கீழே கொப்பரையில் வெந்திருக்கும் புளி விழுது குழாயில் ஏறி, மாடியில் இருக்கும் எவர்சில்வர் தொட்டியில் கொழகொழவென்று விழும். பாட்டில் நிரப்பும் பெண்கள் கைதட்டாத குறைதான். இவள் டீ குடித்துவிட்டு, இறுகியே இருக்கும் நட்டுகளை இன்னொரு தரம் இறுக்கிவிட்டுத் திரும்புவாள். இரண்டு நாள் போனால் அடுத்த போன் வந்துவிடும்.

இயந்திரத்துக்கு ஆள் பார்த்து நடக்கத் தெரியாது. அது அமுதவல்லிக்கு நன்றாகவே தெரியும். தெரிந்ததனால்தான் மண்டை குடைந்தது.

அவள் அரியாங்குப்பத்துப் பெண். லாஸ்பேட்டையில் பெண்கள் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமா முடித்தவள். காமராஜர் சாலையில் அரிகிருஷ்ணன் நடத்தும் பம்புக் கடையில் மூன்று வருஷமாகக் கவுண்டரில் நிற்கிறாள். கேஸ்கெட், ஃபுட் வால்வு, பெண்டு, நிப்பிள். "அரை இஞ்சா, முக்கா இஞ்சா?" என்று நாளெல்லாம் கேட்டுக் கேட்டுத் தூக்கத்திலும் அதையே கேட்பதாக அவள் அம்மா பார்வதி சொல்வாள். கடைக்கு உள்ளே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு மேசையும் சுழல் நாற்காலியும் உண்டு. எந்தக் கம்பெனிக்கு எந்த வகைப் பம்பு, எவ்வளவு பெரியது, எத்தனை வேகம் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறவரின் இடம் அது. அங்கே உட்கார்ந்திருந்த வெற்றிவேல் துபாய்க்குப் போய் ஆறு மாதமாகிவிட்டது. நாற்காலி சும்மா கிடந்தது. அமுதவல்லி ஒருநாள் துணிந்து வாய்விட்டுக் கேட்டுவிட்டாள்.

அரிகிருஷ்ணன் லேசில் யாரையும் நம்புகிறவர் இல்லை. கடையைப் பூட்டிவிட்டுப் பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்க்கிற மனுஷர். கொஞ்ச நேரம் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"முல்லா வீதில நிஷாம்மா புளிக் கம்பெனிக்கு ஒரு பம்பு வேணுமாம். நீயே பாத்துப் போட்டுக்குடு. அது ஒழுங்கா ஓடிச்சின்னா நாற்காலி உனக்கு. ஓடலன்னா மெட்ராஸ்லேர்ந்து ஒரு ஆளக் கூட்டியாந்துக்கறேன். நீ கவுண்டரப் பாரு."

அவளுக்கு அந்த நாற்காலி மேல் ஆசை வந்தது சம்பளத்துக்காக இல்லை. கல்லூரியில் இரண்டாம் வருஷம், பக்கவாட்டில் அறுத்துவைத்த கியர் பம்பு ஒன்றைக் காட்டினார்கள். ஒன்றோடொன்று பல் கோத்துச் சுற்றும் இரண்டு சக்கரங்கள். எண்ணெய் எந்த வழியாகப் போகும் என்று வாத்தியார் கேட்டார். நாற்பது பேரும் ஒரே குரலில் நடுவழியாக என்றார்கள். இல்லையாம். நடுவில் பல்லும் பல்லும் சேர்ந்து வழியை அடைத்துவிடுகிறது. எண்ணெய் பல்லிடுக்கில் உட்கார்ந்துகொண்டு, சுவரை ஒட்டி ஓரமாகச் சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கம் இறங்குகிறது. இதைக் கேட்டதிலிருந்து அமுதவல்லிக்குப் பம்பு என்றால் ஒரு பித்து.

கிணற்றில் போடும் சாதாரணப் பம்பு தண்ணீரை வீசி எறிகிற ரகம். தண்ணீர் நீர்த்தது, எறிந்தால் பறக்கும். தேன், கிரீஸ், புளி விழுது இதையெல்லாம் எறிந்தால் எங்கே பறக்கும்? அதை ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று அளந்து, அடைத்து, தள்ளவேண்டும். அப்படித் தள்ளுகிற பம்புகள் தனி வகை. அதற்குள் கியர், திருகு, குழல் என்று பல உட்பிரிவுகள். எதைத் தள்ளப் போகிறோம் என்று தெரிந்தால்தான் எதால் தள்ளுவது என்று சொல்லமுடியும். அதற்காகக் கோயம்புத்தூர் கம்பெனிக்காரர்கள் ஒரு படிவம் கொடுத்திருந்தார்கள். பதினாறு கேள்விகள். என்ன திரவம், எத்தனை கெட்டி, எவ்வளவு சூடு, புளிப்பு உண்டா, மணிக்கு எத்தனை லிட்டர், எவ்வளவு உயரம். பதினோராவது கேள்வி, திடப்பொருள் ஏதும் கலந்திருக்கிறதா என்பது. உண்டு, இல்லை என்று இரண்டு கட்டம்.

முதல்முறை அவள் படிவத்தை எடுத்துக்கொண்டு ஜஹபர் நிஷாவின் வீட்டுக்குப் போனது ஏப்ரல் மாதக் கடைசியில். முன்பக்கம் வீடு, பின்பக்கம் கம்பெனி. நிஷாவின் கணவர் ஜலால் பாரிஸில் வேலை பார்த்தார். அங்குள்ள தமிழ்க் கடைகளுக்கு நிஷாவின் புளி விழுது பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டிருந்தது. கீழே காய்ச்சுவது, மாடியில் பாட்டிலில் அடைப்பது என்று ஏற்பாடு. நடுவே இருபது படிகள். கொதிக்கிற விழுதை வாளியில் மொண்டு பெண்கள் தூக்கிக்கொண்டு ஏறுவார்கள். மார்ச் மாதம் சின்னப்பாப்பா என்பவளின் காலில் கொட்டிக் கணுக்கால் வெந்துபோனது. அன்றைக்கே நிஷா பம்பு வாங்குவதென்று முடிவு செய்துவிட்டார்.

"வாம்மா, வா. வெயில்ல வந்திருக்க. மொதல்ல உக்காரு" என்று ஃபேனைப் பெரிதாக வைத்தார். ரோஸ்மில்க் வந்தது. தட்டில் நான்கு சமோசா வந்தது. இரண்டு போதும் என்றால் விடுகிற வீடு இல்லை அது.

"அக்கா, கொப்பரையை ஒருதரம் பாத்துடறேனே" என்று அமுதவல்லி எழுந்தாள்.

"அங்க எதுக்கும்மா? ஒரே புகை, சூடு. ஒனக்கு இன்னா வேணுமோ சொல்லு, இங்கயே கொண்டாரச் சொல்றேன்."

வேண்டியது இரண்டு பாட்டில் விழுது. கால்மணி நேரத்தில் கழுவித் துடைத்த கண்ணாடிப் பாட்டிலில் வந்தது. வழவழவென்று, அரக்கு நிறத்தில், வெளிச்சத்தில் பிடித்தால் பளபளத்தது. கொப்பரை எங்கே இருக்கிறது, குழாய் எந்த வழியாகப் போகும், எவ்வளவு உயரம் என்று அளக்க மட்டும் பின்கட்டுக்குப் போனாள். அப்போது அடுப்பு அணைந்திருந்தது, கொப்பரை தேய்த்துக் கவிழ்த்திருந்தது.

அந்தப் பாட்டிலை வைத்துக்கொண்டு அவள் செய்த ஆராய்ச்சி கொஞ்சநஞ்சமில்லை. வீட்டுச் சமையலறையில் எண்ணெய் ஊற்றும் புனலை ஆணியில் மாட்டினாள். ஒரு டம்ளர் விளக்கெண்ணெய் வடிய எத்தனை நொடி, ஒரு டம்ளர் தேன் வடிய எத்தனை நொடி, சூடுபடுத்திய விழுது வடிய எத்தனை நொடி என்று செல்போனில் நேரம் பார்த்துக் குறித்தாள். மூன்று நாள் சமையலறையில் எறும்பு மொய்த்தது. "கல்யாணம் பண்ண வேண்டிய பொண்ணு தேனுக்கு டைம் பாக்குது" என்று பார்வதி தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் விழுதின் கெட்டி எவ்வளவு என்று கிட்டத்தட்டப் பிடிபட்டது. இருநூறு லிட்டர் கொப்பரை இருபது நிமிஷத்தில் காலியாகவேண்டும். நிமிஷத்துக்குப் பத்து லிட்டர். ஒரு சுற்றுக்குப் பத்தில் ஒரு லிட்டர் தள்ளும் கியர் பம்பு நூறு சுற்றுச் சுற்றினால் போதும், இடுக்கில் கசிந்து பின்னால் போவதற்காகக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். புளிப்பு அரிக்காத ஸ்டீல். ஒன்றரை அங்குலக் குழாய். எல்லாம் கச்சிதமாக வந்தது. பதினோராவது கேள்விக்கு 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்தாள்.

பம்பு வந்தது, மாட்டினார்கள், ஓடியது. இனிப்புக் கொடுத்தார்கள். மறுநாள் நின்றது.

அதன் பிறகுதான் இந்தக் கண்ணாமூச்சி. கரண்டு குறைவாக வருகிறதோ என்று மீட்டர் வைத்துப் பார்த்தாள். சரியாக இருந்தது. விழுது ஆறிப்போன பிறகு ஓட்டுகிறார்களோ என்று தெர்மாமீட்டர் வைத்தாள். அதுவும் சரி. பம்பைக் கழற்றிப் பார்த்தாள். உள்ளே பூஜைப் பாத்திரம் தோற்றது, அத்தனை சுத்தம். ஒரு பல் மட்டும் லேசாக நசுங்கியிருந்தது. இரும்பை நசுக்குகிற புளி உலகத்தில் உண்டா?

"எப்பக்கா நிக்கிது?" என்று சின்னப்பாப்பாவைக் கேட்டாள்.

சின்னப்பாப்பா முந்தானையைத் திருகிக்கொண்டு, "நீங்க இல்லாதப்ப" என்றாள்.

சனிக்கிழமை ஐந்தாவது போன் வந்தபோது அதை எடுத்தவர் அரிகிருஷ்ணன். பேசி முடித்து ரிசீவரை மெதுவாக வைத்தார். அவர் மெதுவாக வைத்தால் கோபம் என்று அர்த்தம்.

"திங்கக்கிழம சாயங்காலம் வரைக்கும் டைம். என்னா கோளாறுன்னு எனக்குத் தெரியணும். தெரியலன்னா பம்பக் கழட்டிக்கினு வந்துருவோம். செவ்வாக்கெழம மெட்ராஸ் ஆளு வந்து அந்த நாற்காலில உக்காருவாரு."

அமுதவல்லி கவுண்டருக்குத் திரும்பினாள். ஒருவருக்கு முக்கால் இஞ்சு எல்போ எடுத்துக் கொடுத்தாள். அவர் கேட்டது அரை இஞ்சு.

இந்த லட்சணத்தில் ஞாயிற்றுக்கிழமை அவளைப் பெண் பார்க்க விழுப்புரத்திலிருந்து வருகிறார்கள். காலையிலிருந்தே பார்வதி வீட்டைத் தலைகீழாக்கிவிட்டாள். கால் உடைந்த நாற்காலி பின்பக்கம் போனது. துணிமூட்டைகள் கட்டிலுக்கு அடியில் போயின. எதிர்வீட்டு வசந்தாவிடமிருந்து பூப்போட்ட டம்ளர்கள் வந்தன. ஒழுகும் குழாய்க்குத் துணி சுற்றி, துணி தெரியாமல் வாளியை வைத்து மறைத்தார்கள். பம்புக் கடைக்காரியின் வீட்டிலேயே குழாய் ஒழுகியது என்பதைக் கதையை முன்னிட்டுச் சொல்லவேண்டியிருக்கிறது.

வந்தவர்கள் நல்ல மாதிரிதான். மாப்பிள்ளை ஒன்றும் பேசவில்லை. அவருடைய மாமாதான் பேசினார், அதுவும் தன் போர்வெல் மோட்டாரைப் பற்றி. அமுதவல்லி தலையைக் குனிந்துகொண்டு, "அது ஃபுட் வால்வு போயிருக்கும்" என்றாள். பார்வதி அவள் இடுப்பில் கிள்ளினாள்.

அவர்கள் போன பிறகு பூப்போட்ட டம்ளர்களைக் கழுவித் திருப்பிக் கொடுத்தார்கள். கால் உடைந்த நாற்காலி மறுபடி உள்ளே வந்தது. துணிமூட்டைகள் கட்டிலுக்கு மேலே ஏறின. ஒரு மணி நேரத்தில் வீடு பழையபடி வீடாகிவிட்டது. அமுதவல்லி வாசற்படியில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் கண் குழாயை மறைத்த வாளியில் போய் நின்றது.

"ம்மா, அவங்க சொல்லாம திடீர்னு வந்து நின்னிருந்தா இன்னா பண்ணியிருப்ப?"

"சொல்லாம எவன் பொண்ணு பாக்க வருவான்?"

"வந்தா?"

பார்வதி வாளியை நகர்த்திவிட்டுக் குழாயைப் பார்த்தாள். "சொல்லாம வர்றவங்க சொந்தக்காரங்கதான்டி. அவங்களுக்கு எதுக்கு மறைக்கப் போறேன்? அவங்க வீட்லயும்தான் ஒழுவுது."

அமுதவல்லி எழுந்து நின்றுவிட்டாள். பத்து மணிக்கு வருகிறேன், பத்து மணிக்கு வருகிறேன் என்று ஒவ்வொரு தரமும் சொல்லிவிட்டுத்தானே போனாள். அவளும் ஒரு மாதிரி விழுப்புரத்துக்காரிதான். அவள் இதுவரை அந்தக் கம்பெனியைப் பார்க்கவே இல்லை. அவளுக்காக அலங்கரித்த கம்பெனியை மட்டும்தான் பார்த்திருக்கிறாள்.

திங்கட்கிழமை காலை ஆறரைக்கெல்லாம் வண்டியை எடுத்தாள். ஆற்றுப் பாலத்தில் டெம்போக்கள் அப்போதுதான் கூட்டம் ஏற்றத் தொடங்கியிருந்தன. முல்லா வீதிக்குள் நுழையாமல் பின்பக்கச் சந்தில் வண்டியை நிறுத்திவிட்டுக் கதவைத் தள்ளினாள்.

கொப்பரை கொதித்துக்கொண்டிருந்தது. சின்னப்பாப்பா நீளக் கரண்டியால் துழாவிக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் அவள் கை அப்படியே நின்றுவிட்டது. அமுதவல்லி கிட்டே போய் எட்டிப் பார்த்தாள்.

பாட்டிலில் பார்த்த வழவழப்பு எங்கே? அடை அடையாக நார் மிதந்தது. நடுவே புளியம்பழத் தோட்டின் துணுக்குகள். கரண்டியின் மேல் ஒரு முழுப் புளியங்கொட்டை ஏறி உட்கார்ந்து, மறுபடி உள்ளே சறுக்கியது. பம்பு ஓடிக்கொண்டிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் சத்தம் கனத்தது, ஒரு முறை உறுமியது, நின்றுவிட்டது.

பதினைந்து நாளில் முதல் தடவையாக அது அவள் கண்முன்னால் நின்றது. அமுதவல்லிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். சின்னப்பாப்பாவுக்குப் பயமாகப் போய்விட்டது.

கழற்றிப் பார்த்தார்கள். சீப்பில் முடி சிக்குவது போலப் பல்லெல்லாம் நார் சுற்றியிருந்தது. இரண்டு பல்லுக்கு நடுவே அரைக் கொட்டை இறுகிக் கிடந்தது.

"தெனமும் இப்பிடித்தானாக்கா?"

"நீங்க வர்றீங்கன்னா நான்தான் ராத்திரியே நோண்டி எடுத்து, எலுமிச்சம்பழம் போட்டுத் தேச்சி வெச்சிருவேன். நாங்க சுத்தமா வெச்சிக்கலன்னு சொல்லிடுவீங்களோன்னு பயம். அன்னிக்கு மட்டும் மாவரைக்கிற மாதிரி புளிய நல்லா கரைச்சி, முன்னாடியே துணில வடிகட்டித்தான் கொப்பரைல ஊத்துவோம். மாடில தொட்டி மேல இருக்கிற சல்லடையக்கூட எடுத்து ஒளிச்சிருவோம்" என்றாள் சின்னப்பாப்பா. "அந்தப் பாட்டிலு, அத அம்மா அவங்க கையாலயே மூணு தரம் மல்லுத்துணில வடிகட்டுனாங்க."

பேச்சுச் சத்தம் கேட்டு நிஷா வந்துவிட்டார். தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டே வந்தவர், பின்வாசலில் அமுதவல்லியையும் அவள் கையிலிருந்த நாரையும் பார்த்தார். முகம் சிவந்துபோனது.

"சொல்லாம கொள்ளாம வரலாமா? இதுவா மொற?"

"தப்புதாங்கா. ஆனா சொல்லிட்டு வந்தா பம்பு நிக்கவே மாட்டேங்குது."

நிஷாவுக்குச் சிரிப்பும் வரவில்லை, சமாதானமும் ஆகவில்லை. "வெளியாளு கையில நாரும் தோடுமா எப்பிடிம்மா குடுக்கறது? எங்க மாமியா காலத்துலேர்ந்து வடிகட்டாத புளிய ஒருத்தர் கண்ணுல காட்டினதில்ல. நிஷா புளில கொட்ட கெடக்குதுன்னு ஒருத்தி சொன்னாப் போதுமே."

"காய்ச்சறதுக்கு முன்னாடியே வடிகட்டினா இன்னாங்கா?"

"நாரோட வெந்தாத்தான் புளிக்கு உடம்பு வரும். முன்னாடியே வடிகட்டினா வெறும் தண்ணி ருசிதான். நீ வந்த நாள்ல காய்ச்சினதெல்லாம் பாரிஸுக்குப் போவல, தெரியுமா? வீட்டுக் கொழம்புக்குத்தான் போச்சு." கொஞ்சம் நிறுத்தி, "யார்கிட்டயும் சொல்லாத, அமுதா" என்றார். குரல் தணிந்திருந்தது. திரும்பி வீட்டுக்குள் போய்விட்டார். அன்றைக்கு ரோஸ்மில்க் வரவில்லை.

அமுதவல்லி ஒரு காலி டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒன்பது மணி வரை கொப்பரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கியர் பம்பு இனி ஆகாது. அதன் பல்லுக்கும் சுவருக்கும் நடுவே காகிதம் நுழையாது, நார் எப்படி நுழையும்? பம்புக்கு முன்னால் சல்லடை வைக்கலாமா? இத்தனை கெட்டியைச் சல்லடை வழியாக உறிஞ்சச் சொன்னால் பம்புக்கு மூச்சு முட்டும். திருகுப் பம்பு நாரைத் தள்ளிவிடும். ஆனால் நாரை எடுத்து மறுபடி மாட்டிய பம்பு ஓடி, கொப்பரை காலியான பிறகும் சின்னப்பாப்பா சுவிட்சை அணைக்க மறந்து நின்றதை இப்போதுதான் பார்த்தாள். திருகுப் பம்பு வெறுமனே சுற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் கருகிப்போகும். அப்புறம் என்ன இருக்கிறது? குழல் பம்பு. தடித்த ரப்பர்க் குழலை வளைத்து வைத்து, அதன் மேல் உருளை அழுத்திக்கொண்டே உருளும். பிள்ளைகள் பாக்கெட் ஐஸைப் பிதுக்குகிற அதே வேலைதான். பல் இல்லை, இடுக்கு இல்லை. நார் போகும், தோடு போகும், வெறுமனே ஓடினாலும் ஒன்றும் ஆகாது. முழுக் கொட்டையை மட்டும் நிறுத்த, கொப்பரை வாயில் பெரிய கண் வைத்த தட்டு ஒன்று போதும். ஒரு சுற்றுக்கு மூன்றில் ஒரு லிட்டர் என்றால், நிமிஷத்துக்கு முப்பது சுற்று. அடுத்த கொப்பரையைத் துழாவும் சின்னப்பாப்பாவின் கரண்டியை அவள் எண்ணிப் பார்த்தாள். அதுவும் ஏறக்குறைய முப்பதுதான் வந்தது.

கடைக்குப் போனதும் அரிகிருஷ்ணனிடம் சொன்னாள். "கோளாறு தெரிஞ்சிருச்சி சார். நாம குடுத்த வகை தப்பு. அதுல திடப்பொருள் இருக்குது. குழல் பம்பு போடணும்."

"திடப்பொருள் இல்லன்னு டிக் அடிச்சிருக்கியே?"

"நான் கொப்பரையப் பாக்கல சார்."

அவர் மேசை மேலிருந்த பழைய பாட்டிலை எடுத்து ஆட்டிப் பார்த்தார். புத்திசாலி மனுஷர், சட்டென்று பிடித்துவிட்டார். "சாம்பிள் குடுத்தது அவங்க. இதுல ஒண்ணும் இல்ல. அப்ப தப்பு அவங்களுது. வாடிக்கையாளர் தவறான மாதிரி கொடுத்தார்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடு. கோயம்புத்தூர்க்காரன் நம்மள ஒண்ணும் கேக்கமாட்டான். நாற்காலியும் உனக்குத்தான்."

படிவத்தை அவள் பக்கம் தள்ளினார். பேனாவையும் வைத்தார்.

எழுதுவதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் அவளைப் படுத்தியது. ஒரே ஒரு வரி. ஆனால் அந்த வரி கோயம்புத்தூர் போகும், கடையில் எல்லார் வாயிலும் விழும், முல்லா வீதிக்குத் திரும்பி வரும். மூன்று தரம் மல்லுத்துணியில் வடிகட்டிய கையை அவள் நினைத்துப் பார்த்தாள். அந்தக் கை ஏமாற்றவில்லை, உபசரித்தது. ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து நான்காவது சமோசாவைச் சாப்பிட்டவள் இவள்.

"சார், அந்தப் பதினோராவது கேள்வி அவங்களுக்கு இல்ல. போய்ப் பாக்கறவங்களுக்கு. நான் போனேன், பாக்கல. அப்பிடித்தான் எழுத முடியும்."

அரிகிருஷ்ணன் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு ரிசீவரை எடுத்து அவள் எதிரிலேயே டயல் செய்தார். "நிஷாம்மாவா? எங்க பொண்ணு கொப்பரையப் பாக்காமயே பம்பு குடுத்துருச்சாம். அதுவே ஒத்துக்கிச்சி. ஆமா, முழுத் தப்பும் தன்னுதுன்னு சொல்லுது. கவுண்டருக்கே அனுப்பிட்டேன். நாளைக்கு மெட்ராஸ்லேர்ந்து வேற ஆளு வருவாரு, வந்து பாப்பாரு."

ரிசீவரை மெதுவாக வைத்தார். அமுதவல்லி கவுண்டருக்குப் போய் நின்றாள். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. நிமிஷத்துக்கு முப்பது சுற்று என்று கணக்குப் போட்ட காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். பிள்ளைச்சாவடியிலிருந்து வந்த ஒருவர் படகு இன்ஜினுக்குக் கேஸ்கெட் கேட்டார். எடுத்துக் கொடுத்தாள்.

பன்னிரண்டு மணி இருக்கும். கடையில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. கறுப்புப் பர்தாவில் நிஷா இறங்கினார், பின்னாலேயே சின்னப்பாப்பா இறங்கினாள். அவள் கையில் மூடி போட்ட ஒரு தூக்குவாளி. நிஷா அதை வாங்கி, நேரே கவுண்டருக்கு வந்து, எல்லோருக்கும் நடுவில் வைத்தார். மூடியைத் திறந்தார்.

புளி வாசனை கடை முழுக்க அடித்தது. நின்றவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். நாரும் தோடும் கொட்டையுமாகக் கறுத்த விழுது. பார்க்க அப்படியொன்றும் லட்சணமாக இல்லை.

"இதான் எங்க புளி" என்றார் நிஷா. குரல் கடைசி ஆள் வரைக்கும் கேட்டது. "வடிகட்டாதது. நாரு இருக்கு, தோடு இருக்கு, கொட்டயும் கெடக்கு. அன்னிக்கு இந்தப் பொண்ணு பாக்கணும்னுதான் கேட்டுது. நான்தான் உக்காரவெச்சி வேற எதையோ குடுத்தனுப்பிட்டேன். மெட்ராஸ் ஆளு வந்தா அவருக்கும் வடிகட்டித்தான் குடுப்பேன், சொல்லிட்டேன். எங்க அடுப்படிக்குள்ள இவ வரட்டும், வேற யாரும் வரவேணாம்."

அரிகிருஷ்ணன் எழுந்து வந்தார். வாளிக்குள் பார்த்தார். விரலை விட்டு ஒரு நாரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பூட்டை இழுத்துப் பார்ப்பது போல அதை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். நார் அறவில்லை.

"கேஸ்கெட் கேக்கறவங்களுக்கு நான் எடுத்துக் குடுக்கறேன்" என்று அவளைப் பார்க்காமலே சொன்னார். "நீ உள்ள போய் உக்காந்து அந்தக் கணக்கப் போடு."

அமுதவல்லி உள்ளே போய்ச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தாள். அது ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வெற்றிவேல் எப்படித்தான் ஆறு வருஷம் உட்கார்ந்தாரோ. புதுப் படிவம் ஒன்றை எடுத்து, மற்ற கேள்விகளையெல்லாம் விட்டுவிட்டு, முதலில் பதினோராவதற்குப் போனாள். 'உண்டு' என்ற கட்டத்தில் டிக் அடித்தாள். நாற்காலி சாய்ந்த சாய்வில் டிக் கட்டத்துக்கு வெளியே போய்விட்டது.

நிஷா கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தூக்குவாளியை மூடிக்கொண்டு கிளம்பியவர், கதவருகே வந்து தலையை மட்டும் உள்ளே நீட்டினார்.

"புதுப் பம்பு மாட்ட எப்ப வருவ?"

"கம்பெனிலேர்ந்து வந்ததும் போன் பண்ணிட்டு வர்றேங்கா."

"போனெல்லாம் பண்ணாத" என்றார் நிஷா. "பின்வாசல் தெறந்துதான் கெடக்கும். சொல்லாமலே வா."